உத்திராபதியின் பந்தியில் சேமியா

தலத்தெருவில் ஒரு கல்யாணம் முடிவானால் முதலில் மண்டபத்துக்குச் சொல்வார்கள், அடுத்து சமையல்காரருக்கு, மூன்றாவதாக உத்திராபதிக்கு. நாதஸ்வரக்காரருக்கு அதன்பிறகுதான் போன் போகும்.

உத்திராபதி சமைக்க மாட்டார். பரிமாறவும் மாட்டார். பந்தி விசாரிப்பார். தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு இலை வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். கண் மனிதர்களின் முகத்தில் இருக்காது, இலையில் இருக்கும். "நாலாவது இலைக்குக் கூட்டு போகலை பாரு." "அந்தப் பச்சைச் சட்டைக்காரரு ரசத்துக்கு உக்காந்திருக்காரு, ஓடு." "அம்மா, வடையை அப்பளத்துக்கு அடியில ஒளிக்காதீங்க, இன்னொண்ணு வரும்." கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அவர் எழுத்தர் வேலை பார்க்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. முகூர்த்த நாட்களில் அவருக்கே மறந்துவிடும்.

நான் அடுத்த வீடு. பெயர் முருகானந்தம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பத்தொன்பது வருஷமாக அந்த ஆளைச் சகித்து வருகிறேன். தெரிந்துதான் எழுதுகிறேன், சகித்து. அவர் வீட்டுக்குப் போய் வெறும் காப்பியோடு திரும்பியவன் கிடையாது. எனக்குச் சர்க்கரை என்று சொன்னால், சர்க்கரை போடாத பலகாரமாக மூன்று வரும். வயிறு சரியில்லை என்றால் வயிற்றைச் சரியாக்கும் பலகாரம் வரும். நான் ஒருமுறை கோபத்தில், "உங்க வீட்டுல பட்டினி கிடக்கிற உரிமை எவனுக்குமே கிடையாதா?" என்று கத்தினேன். "கிடையாது சார்" என்று சொல்லிவிட்டு ஒரு அதிரசத்தை வைத்தார்.

அவருக்கு மூன்று சட்டங்கள் உண்டு. பந்தியில் உட்கார்ந்தவர் பசியோடு எழுந்திருக்கக் கூடாது. ஆள் எழுவதற்கு முன்னால் அவர் இலையை எடுக்கக் கூடாது. தான் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அம்பகரத்தூரில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் பெயர் விட்டுப்போய்விட்டது என்று மாப்பிள்ளையின் மாமா சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு நின்றார். யார் கெஞ்சியும் அசையவில்லை. உத்திராபதி கெஞ்சவே இல்லை. வரிசையின் நடுவில் அவருக்கு ஒரு இலையைப் போட்டுவிட்டு, "மாமா உக்கார்ற வரைக்கும் சாம்பார் வராது" என்று சத்தமாக அறிவித்தார். வெறும் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு இருநூறு பேர் மாமாவைப் பார்த்த பார்வையில், அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

இப்பேர்ப்பட்டவர் இரண்டு வருஷமாக ஒரே ஒரு ஆளோடு பேசாமல் இருந்தார். அது அவர் பெற்ற ஒரே மகள் தமிழரசி.

தமிழரசிக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை. கூட வேலை பார்த்த குணசேகரனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அவன் திருவேட்டக்குடிப் பையன், படகு வைத்திருக்கும் மீனவக் குடும்பம். இவர்கள் நிலம் நீச்சு உள்ள குடும்பம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவள் வந்து சொன்ன ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் வெளியே போனதை மட்டும் பார்த்தேன். இடது தோளில் பை. வலது கையைச் சுடிதாரில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கையில் அடிகிடி பட்டதோ என்று நினைத்தேன். பிறகு பதிவுத் திருமணம் நடந்தது. ஊரான் கல்யாணங்களில் இத்தனை ஆயிரம் இலைகளை விசாரித்தவரின் சொந்த மகள் கல்யாணத்தில் ஒரு இலைகூட விழவில்லை.

அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். உத்திராபதியின் மனைவி சௌந்தரவல்லி அதிகம் பேச மாட்டார், பேசினால் எதிராளிக்குப் பதில் இருக்காது. சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில், தோசை வார்த்துக்கொண்டே கணவரிடம் செய்தியைச் சொன்னார். தமிழரசியையும் குணசேகரனையும் கம்பெனி ஒரு மாதப் பயிற்சிக்கு ஹைதராபாத் அனுப்புகிறது. அவர்கள் வளர்க்கும் நாய் அதுவரை இங்கே இருக்கும்.

"யாரைக் கேட்டு?" என்றார் உத்திராபதி.

"மகளைத்தான் வேணாம்னீங்க. நாயை வேணாம்னு எப்ப சொன்னீங்க?"

உத்திராபதி தோசையைப் பார்த்தபடி இருந்தார். சௌந்தரவல்லி அதோடு விடவில்லை. "மாசம் முடிஞ்சதும் நாயைத் தூக்கிட்டுப் போக அவளே வர்றா. வாசலோட போறாளா, உள்ள வர்றாளாங்கிறது நீங்க அதை எப்படி வச்சிருக்கீங்கங்கிறதுலதான் இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

குணசேகரனின் அம்மா அமிர்தம் நாயை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். அவருக்கு மீன் வியாபாரம். "கருவாடு காயிற இடத்துல இத்தனை முடியோட இதை விட்டா ரெண்டு நாள்ல இதுவும் கருவாடாயிடும்" என்பது அவர் வாதம். அமிர்தம் தினமும் காலையில் மொபெட்டின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். கல்யாணத்துக்குப் பிறகு உத்திராபதி அவர் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. உத்திராபதியின் வாசலைக் கடக்கும்போது மட்டும் அமிர்தம் "மீனே..." என்ற கூவலை இன்னும் ஒரு கட்டை ஏற்றுவார். இரண்டு வருஷமாக எனக்கு அதுதான் அலாரம்.

நாய் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கியது. ஷிட்சு என்று ஒரு ஜாதியாம். கோழிக்குஞ்சு அளவு முகம், அதை மூடி சுருள்சுருளாக முடி. பெயர் சேமியா. கூடவே அது படுக்கும் மெத்தை, ஊசி போட்ட அட்டை, தமிழரசி அனுப்பிய தீனிப் பை ஒன்று. பையின் மேல் அவள் கையெழுத்தில், "காலை ஒரு கப், மாலை ஒரு கப். வேறு எதுவும் வேண்டாம்" என்று ஒட்டியிருந்தது.

உத்திராபதி அதைத் தட்டில் போட்டு வைத்தார். சேமியா மோந்து பார்த்தது. தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு தட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

அந்த முதுகைப் பார்த்ததும் அவருக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை நான் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளையின் மாமாகூட அவருக்கு முதுகைக் காட்டியது கிடையாது.

ஊர் மாறி வந்த நாய், இரண்டு நாள் போனால் சரியாகும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. "எங்க வீட்டுல பட்டினி கிடந்தேன்னு ஒரு நாய்கூடப் போயி சொல்லக் கூடாது சார்."

"அது எப்படிங்க போயி சொல்லும்?"

"உடம்பு சொல்லும்."

அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு திருநள்ளாறு சாலையில் தௌஃபீக்கின் கடைக்குப் போனார். முன்பாதியில் வண்ண மீன்களும் கிளிகளும், பின்பாதியில் நாய்த்தீனி. தௌஃபீக் நல்ல பையன், எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அன்றைக்கு அவன் நேரம் சரியில்லை.

"இதுல எதுப்பா நல்லா இருக்கும்?"

"எல்லாமே நல்லாப் போகுதுண்ணே."

"போறதைக் கேக்கலை. நீ சாப்பிட்டுப் பாத்தியா?"

"நான் எதுக்குண்ணே சாப்பிடணும்?"

"ருசி தெரியாம எப்படிப்பா பரிமாறுறே?"

திறந்திருந்த மாதிரிப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பூனைத் தொட்டிக்கு மண் வாங்க வந்த ஒரு அம்மாள் இரண்டடி பின்னால் போனார். உத்திராபதி கண்ணை மூடி, சாம்பாருக்குப் பதம் பார்க்கிற அதே முகத்தோடு மென்றார்.

"உப்பே இல்லை."

"நாய்க்கு உப்பு ஆகாதுண்ணே."

"காரமும் இல்லை."

"அதுவும் ஆகாது."

"பின்ன என்னதான் ஆகும் அதுக்கு?"

தௌஃபீக் பொறுமையாக விளக்கினான். சின்ன ஜாதிக்குச் சின்ன உருண்டையாக இருக்க வேண்டும், பெரிய நாய்க்கான உருண்டை இதன் வாயில் கடிபடாது. வயசுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், குட்டிக்கு வேறு, வளர்ந்ததற்கு வேறு. பையின் பின்னால் போட்டிருக்கும் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் உள்ளே அதிகம். அதைக் கேட்டதும் உத்திராபதி என்னை முன்னால் தள்ளினார். நான்தானே கணக்கு வாத்தியார். நின்றுகொண்டே பதினோரு பைகளின் பின்பக்கத்தை வாசித்தேன். புரதம் எத்தனை சதவீதம், கொழுப்பு எத்தனை, நார் எத்தனை. முன்பக்கம் முழுக்கோழி ஒன்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு பையில், பின்பக்கப் பட்டியலில் முதலாவது மக்காச்சோளம். கோழி ஆறாவது.

உத்திராபதிக்கு முகம் சிவந்துவிட்டது. "வாசல்ல கோழி, உள்ள சோளமா? இந்த வேலையைக் கல்யாணத்துல செஞ்சா சமையல்காரனைக் கட்டி வச்சிருப்போம்." சோளப் பையைத் தன் கையாலேயே எடுத்து, அலமாரியின் அடித்தட்டில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். கடைசியில் கோழி முதலாவதாக உள்ளது, ஆட்டுக்கறி முதலாவதாக உள்ளது, மீன் முதலாவதாக உள்ளது, கிரேவியாக வருகிற பாக்கெட், டப்பாவில் அடைத்தது, இன்னும் இரண்டு என்று ஏழு வகை வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு விள்ளல் தின்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். கிரேவி நன்றாக இருப்பதாகவும், கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டால் சோற்றுக்கே ஆகும் என்றும் தௌஃபீக்கிடம் சொன்னார்.

சேமியா ஏழுக்கும் முதுகைக் காட்டியது.

நாலாம் நாள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். குறை தீனியில் இல்லை, பரிமாறுவதில் இருக்கிறது. தட்டைக் கீழே தொப்பென்று வைத்துவிட்டுப் போனால் யார்தான் சாப்பிடுவார்கள்? மறுநாள் கொல்லையில் தண்ணீர் தெளித்து, நுனி இலை போட்டார். சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் நுனி வர வேண்டும் என்பது முறை. சேமியா நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றியதால், இலையும் அதோடு சேர்ந்து நாலு முறை சுற்றியது. நுனியில் மீன் உருண்டை, அடுத்து கோழி, நடுவில் ஆட்டுக்கறி, அதன்மேல் கிரேவி. "சாப்பிடு தங்கம். கொஞ்சமா எடுத்துக்க. கிரேவி இன்னும் வேணுமா? கூச்சப்படாதே" என்று குனிந்து குனிந்து விசாரித்தார். சேமியா இலையின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

"தனி இலைக்கு யாருக்குமே இறங்காது சார்" என்றார் என்னிடம். "பக்கத்துல நாலு பேரு சாப்பிட்டாத்தான் பசி எடுக்கும்."

அந்த நாலு பேரில் நான் ஒருவன். படித்தவன், நாற்பது பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியன். என்னைக் கொல்லையில் கீழே உட்கார வைத்து, முன்னால் இலை போட்டு, நாலு இட்லி வைத்தார்கள். எனக்கு வலப்பக்கம் சேமியா. இடப்பக்கம் தெருநாய்கள் மூன்று, ஆளுக்கு ஒரு இலை. உத்திராபதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஐந்து பேரையும் விசாரித்தபடி நடந்தார். தெருநாய்கள் அரை நிமிஷத்தில் இலையோடு தின்றுவிட்டு என் இலையைப் பார்த்தன. சேமியா என்னைப் பார்த்தது. நான் பயத்தில் இட்லியை மெல்லாமல் விழுங்கினேன். வரிசையில் ஒருத்தர் சாப்பிட்டு முடிக்காதவரை மற்றவர்கள் எழக் கூடாது என்பது பந்தி முறையாதலால், சேமியாவுக்காக முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அன்று தாமதம். தலைமை ஆசிரியர் காரணம் கேட்டதற்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பந்தி ஒன்பது நாள் நடந்தது. செய்தி பரவி, பக்கத்துத் தெரு நாய்களும் காலை ஏழரைக்கு வரத் தொடங்கின. உத்திராபதி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பதினெட்டாம் நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தாடியோடு என் வாசலில் வந்து நின்றார். "அது செத்துப்போயிடும் சார். எம் பொண்ணு வந்து கேப்பா. நான் என்ன சொல்லுவேன்?" என்றார். கிண்டல் பண்ண நினைத்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கால்நடை மருத்துவர் தேவிகாவின் கிளினிக்குக்குச் சேமியாவைத் தூக்கிக்கொண்டு அவரும், சௌந்தரவல்லியும், நானும் போனோம். நாங்கள் உள்ளே நுழையும்போதே பின்னால் மொபெட் சத்தம். மீன் பெட்டியோடு அமிர்தம். நாய்க்கு முடியவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உத்திராபதி சுவரில் மாட்டியிருந்த மாட்டு நோய்ப் படத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டாக்டரம்மா சேமியாவை எடை மேடையில் வைத்தார். ஊசி அட்டையைப் பார்த்தார். மறுபடியும் எடையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா சாப்பிடலை?"

"பதினெட்டு நாளா, டாக்டரம்மா. ஒரு பருக்கை தொடலை."

"வரும்போது அஞ்சு கிலோ நூறு. இப்ப ஆறு கிலோ நானூறு. பட்டினி கிடந்து ஒரு கிலோ முந்நூறு ஏறியிருக்கு. நான் இதுவரைக்கும் இப்படி ஒரு கேஸ் பாத்ததில்லை."

டாக்டரம்மா எங்களை வரிசையாகப் பார்த்தார். காப்பி அடித்த வகுப்பை நான் பார்க்கிற பார்வை அது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும், வாங்கித்தான் பழக்கமில்லை.

முதலில் சௌந்தரவல்லி. "மத்தியானம் இவரு ஆபீஸ் போனதும், பாவமா இருந்துச்சு. ஒரு தயிர் சாதம். ரெண்டு முட்டை. அவ்வளவுதான்."

"அக்கா, முட்டை நீங்க குடுத்தீங்களா?" என்றார் அமிர்தம். "நான் தினமும் கொல்லை வேலிப் பக்கமா வந்து, கொடுவா மீனை வேகவச்சு, முள்ளு எடுத்து ஊட்டிட்டுப் போனேனே! என் புள்ளை வளத்த நாயி, பட்டினி கிடக்குதேன்னு."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாய் என்றாலே பிடிக்காது என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் யாருக்கும் தெரியாமல் செய்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சேமியா மதில் ஓட்டை வழியாக எங்கள் பக்கம் வரும். பாலில் நனைத்த ரஸ்க். மூன்று. சில நாள் ஐந்து.

"வாத்தியாரே!" என்றார் உத்திராபதி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

"நீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா அவரிடம்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "விடியக்காலையில... பருப்பு சாதம். ஒரே ஒரு கை. நெய் விட்டு."

"பட்டினி கிடக்குதுன்னு டாக்டர்கிட்ட தூக்கிட்டு வந்தது நீங்கதானே?"

"அது கையில ஊட்டினதுங்க. அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல வராது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது பெரிய மனசு. நாய்க்கு நோய் ஒன்றும் இல்லை, அதற்கு வாய்த்த மனிதர்கள்தான் நோய் என்று பளிச்சென்று சொன்னார். தட்டில் இருப்பதை வேண்டாம் என்றால் நாலு கையிலிருந்து நல்லது வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. தமிழரசி அனுப்பிய தீனியே அருமையானது. கறி முதலாவது, சின்ன உருண்டை, வயசுக்குச் சரி. அதை மாற்றியதே தப்பு, மாற்றுவதானாலும் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்ற வேண்டும், ஒரே வாரத்தில் ஏழு வகையா? இனி வழி ஒன்றுதான்.

"தட்டை வைங்க. வச்சிட்டு அந்த இடத்தை விட்டுப் போயிடுங்க. கெஞ்சக் கூடாது, கொஞ்சக் கூடாது, நின்னு பாக்கக் கூடாது. சரியா பதினஞ்சு நிமிஷம். சாப்பிடலைன்னா தட்டை எடுத்துடுங்க. அடுத்த வேளை வரைக்கும் தண்ணி மட்டும்."

"எடுக்கிறதா?" என்றார் உத்திராபதி.

"ஆமா."

"சாப்பிடாம இருக்கும்போதா?"

"ஆமாங்க. ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது."

"என்னால முடியாதுங்க."

டாக்டரம்மா மறுபடி விளக்க வாயைத் திறந்தார். உத்திராபதி கையை உயர்த்தி நிறுத்தினார். குரல் மாறியிருந்தது. "முப்பது வருஷமா பந்தி பாக்குறேன். பசியோட ஒருத்தரை எழுப்பினதில்லைன்னு சொல்லிட்டுத் திரியிறேன். பொய்யிங்க. ஒருத்தரை எழுப்பியிருக்கேன். எம் பொண்ணை. சோத்துல கை வச்சிருக்கா. விஷயத்தைச் சொன்னா. முன்னாடி இருந்த இலையை நான் இழுத்துட்டேன். கைகூடக் கழுவாம எந்திரிச்சுப் போனா. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் யாரு முன்னாடி இருந்தும் ஒரு தட்டை எடுக்க எனக்குக் கை வரலைங்க."

தள்ளிப் பிடித்த அந்த வலது கை எனக்கு அப்போதுதான் புரிந்தது. சௌந்தரவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தம்தான் பேசினார். இரண்டு வருஷத்தில் உத்திராபதியைப் பார்த்து நேராகப் பேசிய முதல் பேச்சு.

"இந்தத் தட்டை நீங்க மறுபடியும் வைக்கத்தான போறீங்க. சாயங்காலமே வைக்கப் போறீங்க. அப்புறம் எடுக்கிறதுல என்ன?"

உத்திராபதி அமிர்தத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

அன்று முதல் எங்கள் தெருவில் ஊரடங்கு. என் மனைவி ரஸ்க் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மதில் ஓட்டைக்குச் செங்கல் வந்தது. அம்பகரத்தூர் காளி மேல் சத்தியம் செய்துவிட்டு அமிர்தம் கொல்லைப் பக்கம் வருவதை நிறுத்தினார், மீன் விற்க வாசல் பக்கமாகவே வந்தார். ஏழரை மணி விருந்தாளிகள் மட்டும் மூன்று நாள் வந்து பார்த்துவிட்டு, அவமானப்பட்ட முகத்தோடு கலைந்து போனார்கள்.

உத்திராபதி தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பதினைந்து நிமிஷம் முடிந்ததும் உள்ளே போவார். முதல் வேளை தட்டை எடுக்கும்போது அவர் அதை ஒருமுறை திருப்பிக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டாம் வேளையும் நிரம்பிய தட்டு அப்படியே திரும்பி வந்தது. அவரும் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. கடைசிச் சட்டம் அவரை விடுமா? மூன்றாம் வேளையில், ஏழாவது நிமிஷத்தில், உள்ளேயிருந்து கறுக் முறுக்கென்று சத்தம் கேட்டது. அவர் ஓடிப் போய்ப் பார்க்கத் துடித்தார். நான் அவர் துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். இருவரும் வாசலில் நின்று, ஒரு நாய் மெல்லுகிற சத்தத்தை முழுசாகக் கேட்டோம்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கார் வந்து நின்றது. நான் மதிலோரம் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அதே செடிக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

தமிழரசி இறங்கினாள், பின்னால் குணசேகரன். சேமியா பாய்ந்து போய் அவள் மேல் விழுந்தது. அவள் அதைத் தூக்கி, விலாவில் கை வைத்துப் பார்த்தாள். முடியை ஒதுக்கிக் கண்ணைப் பார்த்தாள். முகம் இளகியது. ஆனால் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள். கார் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

உத்திராபதி வெளியே வந்தார். சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். தோளில் துண்டு. எத்தனையோ நூறு பேரைப் பேசிப் பேசி இலையில் உட்கார வைத்தவர், துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். முதலில் குணசேகரனைப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை" என்றார். பிறகு மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் வலது கையைப் பார்த்தார்.

"கை கழுவிட்டு வாம்மா" என்றார்.

தமிழரசி அப்படியே நின்றாள். சேமியாவைக் கீழே இறக்கிவிட்டு உள்ளே போனாள். குணசேகரன் திரும்பிப் போய் என்ஜினை அணைத்தான்.

உள்ளே இலை போடுகிற சத்தமும், சௌந்தரவல்லியின் வளையல் சத்தமும் கேட்டன. சற்று நேரத்தில் கொல்லைக் கதவு திறந்தது. உத்திராபதி தனியாக வெளியே வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கையில் கடிகாரம்.

"என்னங்க, இங்க வந்து நிக்கிறீங்க?" என்றேன் மதிலுக்கு மேலாக. "மகளும் மாப்பிள்ளையும் இலையில உக்காந்திருக்காங்க, விசாரிக்க வேணாமா?"

"எல்லாம் வச்சிட்டு வந்துட்டேன் சார். பதினஞ்சு நிமிஷம். நின்னு பாத்தா இறங்காது. டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"யோவ், அது நாய்க்கு!"

"தெரியும் சார்" என்றார் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் உள்ள நின்னா அழுதுடுவேன். அப்புறம் அவ எந்திரிச்சுடுவா."

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நானும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. எட்டு ஆனது. உத்திராபதியின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"அப்பா!" என்று தமிழரசியின் குரல் கேட்டது. கோபமான, பசியோடு இருக்கிற குரல். "எங்க போனீங்க? ரசம் யாரு ஊத்துவா?"

அவர் கடிகாரத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு ஓடினார். ஒன்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது.